லைபீரியாவின் வாஷிங்டன் தூதர்கள்: வரிசை ஏன் நூறாண்டு தாமதமாகத் தொடங்குகிறது?

கேள்வி இதுதான்: லைபீரியா 1847-லேயே விடுதலையை அறிவித்த நாடு; அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனவர்களே அமைத்த நாடும்கூட. அப்படியிருக்க, அமெரிக்காவுக்கான அதன் தூதர்களின் பெயர் வரிசை 1949-ல்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட நூறாண்டுகளில் வாஷிங்டனில் அந்த நாட்டுக்காகப் பேச ஒருவருமே இல்லையா, அல்லது தூதரகம் வைக்கப் பணமில்லாததுதான் காரணமா?

ஆள் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குத் 'தூதர்' என்ற தகுதி இல்லை. பணமில்லை என்பதும் உண்மைதான். லைபீரிய அரசின் கருவூலம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் லைபீரியாவின் கையில் இல்லை. ஒரு நாடு யாரை வேண்டுமானாலும் தூதராக நியமிக்கலாம். அவரை வரவேற்று, அவர் கொண்டுவரும் நற்சான்றுக் கடிதத்தை வாங்கிக்கொள்ள எதிர்த்தரப்பு இசைந்தால்தான் அவர் தூதர். கறுப்பின மனிதர் ஒருவரை அப்படி வரவேற்க வாஷிங்டன் மிக நீண்ட காலம் தயாராக இல்லை.

அதற்குள் போகுமுன் பதவிப் படிநிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வரிசையைத் தவறாகப் படிக்க நேரும். 19ஆம் நூற்றாண்டில் 'தூதர்' என்ற உச்சத் தகுதி பெரும் வல்லரசுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட ஒன்று. மற்ற நாடுகள் அதற்கு அடுத்த நிலையில் 'அமைச்சர்' என்ற பெயரில் ஒருவரை அனுப்பும். அவர் நடத்தும் அலுவலகம் லெகேஷன் எனப்படும், எம்பசி எனப்படாது. அதற்கும் கீழே பொறுப்புத் தூதர். அதற்கும் கீழே, வணிகத்தையும் கப்பல் தாள்களையும் கவனிக்கும் கான்சல். அமெரிக்காவே 1893 வரை எந்த நாட்டுக்கும் முழுத் தூதரை அனுப்பியதில்லை. ஆகவே 1850-லோ 1880-லோ லைபீரியாவுக்கு வாஷிங்டனில் 'தூதர்' இல்லாததில் வியப்பு ஒன்றுமில்லை. அமைச்சர் நிலையில்கூட லைபீரியக் குடிமகன் ஒருவர் அங்கே நிலையாக அமர முடியாமல் போனதுதான் கேட்கத்தக்க விஷயம்.

அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் 1816-ல் தொடங்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்புவது அதன் வேலை. அவர்கள் மீது அக்கறை கொண்டவர்களும், அவர்கள் அமெரிக்காவில் இருக்கவே கூடாது என்று நினைத்தவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். தலைநகரான மன்ரோவியாவுக்கு அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்ரோவின் பெயர். 1847 ஜூலை 26 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டபின் முதல் அதிபரான ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் வர்ஜீனியாவில் பிறந்தவர். பிரிட்டன் மறு ஆண்டே அங்கீகரித்தது. விக்டோரியா அரசி ராபர்ட்ஸை வரவேற்றார், பிரிட்டன் ஒரு சிறிய கப்பலையும் அன்பளிப்பாகக் கொடுத்தது. பிரான்சும் வந்தது. பிறந்த வீடு மட்டும் வாய் திறக்கவில்லை. 15 ஆண்டுகள்.

இந்த மௌனத்துக்கான காரணம் ஒளிவுமறைவாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். 1862 ஏப்ரலில் செனட்டில் நடந்த விவாதத்தில் அது வெளிப்படையாகவே பேசப்பட்டது. கரீபியன் கறுப்பினக் குடியரசான ஹெய்ட்டி, லைபீரியா ஆகிய இரண்டையும் இனியும் அங்கீகரிக்காமல் இருக்க நல்ல காரணம் எதுவும் தமக்குப் புலப்படவில்லை என்று ஆபிரகாம் லிங்கன் 1861 டிசம்பரில் காங்கிரஸுக்கு எழுதியிருந்தார். மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். கென்டக்கியின் காரெட் டேவிஸ் எழுந்து, கான்சல்கள் மட்டும் போதும் என்று திருத்தம் முன்மொழிந்தார். வணிகம் வேண்டும், சர்க்கரையும் பனை எண்ணெயும் வேண்டும். ஆனால் சரிகை உடுப்பணிந்த கறுப்பு மனிதர் ஒருவர் அதிபரின் விருந்து மண்டபத்துக்குள் மற்ற நாட்டுத் தூதர்களுக்குச் சமமாக நடந்து வருவதை அவரால் சகிக்க முடியாது, அவ்வளவுதான். டெலவேரின் வில்லார்ட் சால்ஸ்பரியோ, இன்னும் ஓராண்டில் கறுப்பினத் தூதர் ஒருவர் செனட்டின் தளத்தில் நடப்பார், வெளிநாட்டுத் தூதர்களுக்கென ஒதுக்கிய மாடத்தில் அவருடைய குடும்பம் வந்து அமரும் என்று எச்சரித்தார். சம்னர் நீட்டி முழக்கவில்லை. அந்த நாடுகளின் குடிமக்களைத் தாம் சந்தித்திருப்பதாகவும், அவர்கள் பண்பும் தன்மதிப்பும் நிறைந்தவர்கள் என்பதால், முழு மனத்துடன் வரவேற்கப்படாத இடத்துக்கு அவர்களில் எவரும் வர மாட்டார்கள் என்றும் சொல்லி உட்கார்ந்தார். நாகரிகமான பதில்தான், ஆனால் அதற்குள்ளும் ஒரு சமாதானம் ஒளிந்திருப்பதைக் கவனிக்கலாம்: 'பயப்படாதீர்கள், அவர்கள் விருந்துக்கு வர மாட்டார்கள்.'

திருத்தம் தோற்றது. மசோதா செனட்டில் 32-க்கு 7 என்றும், கீழவையில் 86-க்கு 37 என்றும் நிறைவேறி, ஜூன் 5 அன்று சட்டமானது. தென் மாநிலங்கள் பிரிந்துபோய், அவற்றின் செனட்டர்கள் அவையில் இல்லாதிருந்ததால்தான் அது நடந்தது. இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: தலைநகர் வாஷிங்டனிலேயே அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1862 ஏப்ரல் 16 அன்றுதான். அதற்கு முந்தைய நாள் வரை, லைபீரியாவின் பிரதிநிதி ஒருவர் அந்த நகரத்துக்கு வந்திருந்தால், அவரைப் போன்ற தோற்றமுடைய மனிதர்கள் சட்டப்படி உடைமையாக இருந்த தெருக்களின் வழியாகத்தான் வெள்ளை மாளிகைக்குப் போயிருக்க வேண்டும்.

அங்கீகாரம் வந்த பிறகும் இரு நாட்டு ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தாகவில்லை, மன்ரோவியாவிலும் இல்லை. 1862 அக்டோபர் 21 அன்று லண்டனில், அங்கிருந்த அமெரிக்க அமைச்சர் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸும் லைபீரிய அதிபர் ஸ்டீஃபன் ஆலன் பென்சனும் கையெழுத்திட்டார்கள். ஒரு தரப்பில் அமைச்சர் நிலைப் பிரதிநிதி, மறுதரப்பில் நாட்டின் அதிபரே. இந்த ஏற்றத்தாழ்வு பிறகும் பலமுறை திரும்ப வரும்.

இனி, தூதர் இல்லாத காலத்தில் லைபீரியா எப்படிச் சமாளித்தது என்பதைப் பார்ப்போம். செலவில்லாத வழியைப் பிடித்தது: அந்தந்த நாட்டிலேயே வாழ்ந்த, லைபீரியா மீது பற்றுள்ள வணிகர்களையும் பாதிரியார்களையும் தன் பிரதிநிதிகளாக நியமித்தது. லண்டனில் ஜெரார்ட் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கரான வெள்ளை வணிகர் கான்சல் ஜெனரலாக இருந்து, பல ஐரோப்பிய நாடுகளுடன் ஒப்பந்தங்களை முடித்துக்கொடுத்தார். அமெரிக்காவில் ஹென்றி ஷிஃபெலின் என்ற நியூயார்க் வணிகர் பொறுப்புத் தூதர் நிலையில் செயல்பட்டார். அவர் பெயரில் லைபீரியாவில் இன்றும் ஓர் ஊர் உண்டு. வெள்ளையர் ஒருவர் லைபீரியாவின் தாள்களைக் கொண்டுவந்தால் வாஷிங்டனின் விருந்து மண்டபத்தில் சிக்கல் எழாது என்பதையும் இதில் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லண்டனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். கரீபியன் தீவான செயின்ட் தாமஸில் பிறந்து லைபீரியாவுக்கு வந்த எட்வர்ட் வில்மட் பிளைடன், மேற்கு ஆப்பிரிக்க அறிவுலகின் மாபெரும் பெயர்களில் ஒன்று. 1877-ல் அவரை லைபீரியா பிரிட்டனுக்கான அமைச்சராக அனுப்பியது. 1878-ல் விக்டோரியா அரசி முன் அவர் தம் நற்சான்றுகளை வைத்தார். ஊரிலிருந்து சம்பளம் ஒழுங்காக வராததால் அவரால் அங்கே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பது வேறு கதை. வறுமைதான் முழுக் காரணம் என்பவர்களுக்கு இதுவே பதில்: பணமில்லாத அதே நாடு, வரவேற்பு இருந்த இடத்துக்குத் தன் மிகச் சிறந்த மனிதரை அனுப்பத்தான் செய்தது.

எதிர்த் திசையில் நடந்தது இன்னும் விசித்திரம். 1871-ல் ஜேம்ஸ் மில்டன் டர்னரை லைபீரியாவுக்கு அனுப்பியது முதல், அந்தப் பதவியை அமெரிக்கா பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்களுக்கென்றே வைத்திருந்தது. ஓட்டுக் கணக்கில் கட்சிக்கு உழைத்த கறுப்பினத் தலைவர்களுக்குத் தரக்கூடிய பரிசு அது. பரிசு என்று சொன்னாலும், கொசுவும் காய்ச்சலும் அந்தக் கணக்கில் சேரவில்லை: அடிமை ஒழிப்புப் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஹென்றி ஹைலாண்ட் கார்னெட் 1881 இறுதியில் மன்ரோவியா போய்ச் சேர்ந்து, 1882 பிப்ரவரியில் இறந்தார், 1929-ல் வில்லியம் ஃபிரான்சிஸ் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்.

இந்த இரு திசைகளும் ஒரே மனிதரிடம் வந்து முடிச்சிடுவதை பால்டிமோரைச் சேர்ந்த பாதிரியார் எர்னஸ்ட் லயனிடம் பார்க்கலாம். 1903 முதல் 1910 வரை அவர் லைபீரியாவுக்கான அமெரிக்க அமைச்சர். ஊர் திரும்பிய பின் அவரே அமெரிக்காவில் லைபீரியாவின் கான்சல் ஜெனரல் ஆனார். நேற்று வரை அமெரிக்காவுக்காக மன்ரோவியாவில் பேசியவர், இன்று மன்ரோவியாவுக்காக அமெரிக்காவில் பேசுகிறார்; இரு அரசுகளுக்கும் அது தவறாகப் படவில்லை. பெயரளவுப் பதவி என்று அவருடையதை ஒதுக்கிவிடவும் முடியாது. கறுப்பின இயக்கத் தலைவர் மார்கஸ் கார்வி ஆயிரக்கணக்கான கறுப்பின அமெரிக்கர்களை லைபீரியாவில் குடியேற்றத் திட்டமிட்டிருந்தபோது, 1924 ஜூலையில் அந்தக் கதவை அமெரிக்கப் பத்திரிகைகளின் முன் அடித்துச் சாத்தியவர் இந்த லயன்தான்: கார்வியின் இயக்கத்தின் பெயரில் வரும் எவரும் லைபீரிய மண்ணில் இறங்க அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று அவர் அறிவித்தார். ஒரு பேரியக்கத்தின் கனவைக் கலைத்த அறிவிப்பு தூதரகத்திலிருந்து வரவில்லை, ஒரு பாதிரியாரின் கையிலிருந்த கான்சல் பதவியிலிருந்து வந்தது.

உண்மையிலேயே பெரிய காரியம் என்றால் கான்சல் போதாது. அப்போது லைபீரியா தன் உச்சத் தலைவர்களையே கப்பலேற்றியது. எல்லைகளை பிரிட்டனும் பிரான்சும் கடித்துக்கொண்டிருந்த 1908-ல், துணை அதிபர் ஜேம்ஸ் டோசன், முன்னாள் அதிபர் காரட்சன் கிப்சன், வழக்கறிஞர் சார்ல்ஸ் டன்பார் ஆகியோர் அமெரிக்கா போய், கறுப்பின அமெரிக்கக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் உதவியோடு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார்கள். அதன் விளைவாக மறு ஆண்டு ஓர் அமெரிக்க ஆணையம் வந்தது. 1912-ல் 17 லட்சம் டாலர் கடனும், அதோடு சுங்க வருவாயைக் கண்காணிக்க வெளிநாட்டு அதிகாரிகளும் வந்தார்கள். 1921-ல் பதவியிலிருந்த அதிபர் சார்ல்ஸ் டன்பார் பர்ஜஸ் கிங்கே ஒரு குழுவுடன் வாஷிங்டன் போய், 50 லட்சம் டாலர் கடனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். 1922-ல் செனட் அதைக் கைவிட்டது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் ஃபயர்ஸ்டோன் ரப்பர் நிறுவனம். 1926-ல் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டு குத்தகை.

இந்த கிங் என்பவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்ட வரிசையின் முதல் பெயர் அவருடையதுதான். 1924-ல் அவருடைய பதவியேற்புக்கு அமெரிக்காவின் சார்பில் சிறப்புத் தூதராக வந்தவர் கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். 1927-ல் கிங் மறுபடியும் வென்ற தேர்தல் உலகத் தேர்தல் மோசடிகளில் தனி இடம் பெற்றது: வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர், அவருக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்ட வாக்குகள் 2 லட்சத்துக்கும் மேல். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. உள்நாட்டு மக்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்து, ஸ்பெயினுக்குச் சொந்தமான ஃபெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அமெரிக்காவும் கடுமையாக அழுத்தம் கொடுத்தது. உலக நாடுகள் சங்கத்தின் ஆணையம் 1930-ல் விசாரித்தது. பிரிட்டனின் கத்பர்ட் கிறிஸ்டி, அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஜான்சன், லைபீரியாவின் முன்னாள் அதிபர் ஆர்தர் பார்க்லே என்ற மூவர் அதில் இருந்தார்கள். அறிக்கை வெளிவந்ததும் டிசம்பரில் கிங்கும் துணை அதிபர் யான்சியும் பதவி விலகினார்கள். அடுத்து வந்த எட்வின் பார்க்லேயின் அரசை 1935 வரை அமெரிக்கா ஏற்கவில்லை.

நிலைமையை மாற்றியது போர். மலேயாவின் ரப்பர் ஜப்பான் கைக்குப் போனபின் லைபீரிய ரப்பர் நேச நாடுகளுக்கு அத்தியாவசியமானது. அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களுக்கு லைபீரியாவின் ராபர்ட்ஸ் ஃபீல்டு விமானத்தளம் வேண்டியிருந்தது. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவிலிருந்து திரும்பும் வழியில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே இறங்கினார். சில மாதங்களில் பார்க்லேயும், அடுத்த அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வில்லியம் டப்மனும் வாஷிங்டன் போனார்கள், பார்க்லே வெள்ளை மாளிகையிலேயே விருந்தினராகத் தங்கினார். காரெட் டேவிஸ் எந்த மண்டபத்தை நினைத்துப் பதறினாரோ, அதே மண்டபம். டப்மன் ஆட்சியில், 1940களின் பிற்பகுதியில், எழுபதைக் கடந்த கிங் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டார். 1949-ல் இரு நாட்டு லெகேஷன்களும் எம்பசியாக உயர்ந்தபோது அவரே முதல் தூதர். கால் நூற்றாண்டுக்கு முன் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பிய நகரம். தம்மைப் பதவியிறக்கிய அழுத்தம் கிளம்பிய நகரம். டப்மன் இவரை ஏன் தேர்ந்தார் என்பதற்கு என் ஊகம் எளியது: அந்த நகரத்தை அவரளவுக்குக் கூடத்தில் காத்திருந்து கற்றவர் வேறு யாருமில்லை. அதே ஆண்டில் மன்ரோவியாவில் எட்வர்ட் டட்லி தூதர் நிலைக்கு உயர்ந்தார். தூதர் தகுதி பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்.

ஆனால் தகுதி என்பது தாளில். தலைநகரின் பல உணவகங்களில் கறுப்பினத்தவருக்கு இலை போடமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1953-ல் தீர்ப்பளித்த பிறகுதான் அது மாறியது. நகர எல்லையைத் தாண்டினால் அதுவும் இல்லை. 1961 ஏப்ரலில், அண்டை நாடான சியரா லியோனின் பொறுப்புத் தூதர் வில்லியம் ஃபிட்ஸ்ஜான் காரில் பிட்ஸ்பர்க் போகும் வழியில் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் சாப்பிட இறங்கினார், பரிமாற மறுத்துவிட்டார்கள். அவருடைய நாடு விடுதலை பெறவிருந்த மாதம் அது. கென்னடி அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தார். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான நெடுஞ்சாலை 40-ல் இப்படிப்பட்ட சம்பவங்கள் அடுக்கடுக்காக நடந்ததால், புதிய ஆப்பிரிக்கத் தூதர்களுக்கு வீடு பார்த்துக்கொடுக்கவும் உணவக முதலாளிகளிடம் பேசவும் அமெரிக்க வெளியுறவுத் துறை தனிப் பிரிவே வைத்தது.

கிங்குக்குப் பிறகு வந்தவர்களை வேகமாகவே கடந்துவிடலாம். டப்மனின் துணை அதிபராக இருந்த கிளாரன்ஸ் சிம்சன், அவருக்குப் பின் ஜார்ஜ் பாட்மோர், எட்வர்ட் பீல். பாட்மோர் என்ற பெயரைப் பார்த்து டிரினிடாட்டைச் சேர்ந்த ஆப்பிரிக்க ஒற்றுமை இயக்கத் தலைவர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. எல்லாரும் அமெரிக்க-லைபீரியக் குடும்பங்களை, அதாவது அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது: கரையோரத்தின் சில குடும்பங்களுக்குள்ளேயே பதவி சுற்றியது. 1980 ஏப்ரலில் சாமுவேல் டோவின் ராணுவப் புரட்சி அந்த வட்டத்தை உடைத்தது. அடுத்து வாஷிங்டன் போனவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் ஜோசப் சே குவான்னு. 1982 ஆகஸ்டில் டோ வெள்ளை மாளிகைக்கு வந்தபோது, ரோஜாத் தோட்டத்தில் ரீகன் அவரைத் 'தலைவர் மோ' என்று பெயர் மாற்றி அழைத்தது பலருக்கு நினைவிருக்கும். 1989-ல் தொடங்கி 2003 வரை நீண்ட உள்நாட்டுப் போர்களில், தூதரின் வேலையே வேறாகிவிட்டது. அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கான லைபீரியர்களின் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி ஒவ்வொரு முறை காலாவதியாகும்போதும் அதை நீட்டிக்கச் சொல்லி அதிகாரிகளின் கதவைத் தட்டுவது, பதினாறாம் தெருவில் உள்ள தூதரகத்தின் முக்கிய அலுவல்களில் ஒன்றாயிற்று. 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அவர்களில் தகுதியுடையவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு வழிதிறந்தது.

கடைசியாக ஒன்று, அண்மையில் நடந்தது. 2025 ஜூலையில் லைபீரிய அதிபர் ஜோசப் போகாய் மற்ற நான்கு ஆப்பிரிக்க அதிபர்களோடு வெள்ளை மாளிகை விருந்தில் அமர்ந்திருந்தார். அவர் பேசி முடித்ததும், இவ்வளவு அழகான ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று டிரம்ப் கேட்டார். லைபீரியாவிலா படித்தீர்கள் என்றும் கேட்டார். 1847 முதல் ஆங்கிலமே ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டின் அதிபர், ஆமாம் என்று மட்டும் சொல்லிப் புன்னகைத்தார்.